ஐந்தாவது மாடிவரை ஒரு கை

என் சித்தி வலது கையைத் தூக்கினால் பஸ் நிற்கும், லாரி நிற்கும். ஒருமுறை ஒரு சவ ஊர்வலமே நின்றது. இறந்தவருக்கு அவசரமில்லை, பிள்ளைகளுக்கு முதல் மணி அடித்துவிட்டது என்று சித்தி அதற்கு நியாயம் சொன்னாள்.

இருபத்தோரு வருடங்களாக ஒரு பள்ளிக்கூட வாசலில் காலையிலும் மாலையிலும் பிள்ளைகளைச் சாலை கடத்தி விடுவது அவள் வேலை. ஆரஞ்சு நிற மேலங்கி, கம்பின் நுனியில் 'நில்' என்று எழுதிய வட்டப் பலகை. வலது கை பலகையை உயர்த்தும், இடது கை குறுக்கே நீண்டு பிள்ளைகளைப் பிடித்து வைக்கும். அந்தப் பகுதியில் யாரும் அவளைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவள் நிறுத்தக்கா.

கட்டி வந்தது வலது மார்பில். "இடது பக்கம் அவ்வளவு இடம் காலியா கிடந்துதே, அங்க வந்து நிக்கக் கூடாதா?" என்று டாக்டரிடமே கேட்டாளாம், தப்பான இடத்தில் வண்டியை நிறுத்தியவனைக் கேட்பதுபோல. டாக்டர் மார்பை எடுத்தார். அக்குளிலிருந்து சில நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார். இனி மாத்திரை போதும், கட்டி திரும்ப வருகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். சித்தி கேட்ட ஒரே கேள்வி, "கை எப்ப மேல போகும்?"

ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பியது அந்த வாரத்தில்தான். அம்மா என் பையைக்கூடப் பிரிக்கவிடவில்லை. "உனக்கும் ஒரு இடத்துல உக்காரத் தெரியாது, என் தங்கச்சிக்கும் தெரியாது. ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்து ஒருத்தியை ஒருத்தி கட்டிப் போடுங்க" என்று அனுப்பிவிட்டாள்.

சித்தி வீடு முதல் மாடியில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே. கூடத்து ஜன்னலைத் திறந்தால் நேர் கீழே அவளுடைய சாலை, எதிரே பள்ளிக்கூடம். இருபத்தோரு வருடமாக அவள் வேலைக்குப் போக எடுத்துக்கொண்ட நேரம், பதினெட்டுப் படி. அன்று அந்த ஜன்னல் ஓரத்து நாற்காலியில் சித்தி உட்கார்ந்திருந்தாள். விலாவிலிருந்து வந்த ரப்பர் குழாய் ஒரு சிறு குப்பியில் முடிந்தது. குப்பியைத் தன் பழைய கைப்பைக்குள் வைத்துத் தோளில் மாட்டியிருந்தாள், எங்கோ கிளம்பத் தயாராக இருப்பவள்போல.

"வலிக்குதா சித்தி?"

"வலின்னு சொல்ல முடியாதுடி. அக்குள்லேருந்து முழங்கை வரைக்கும் யாரோ கொடி கட்டி, ஈரத்துணி காயப் போட்ட மாதிரி. அதுவும் ஜமுக்காளம்." பிறகு மேல்கையின் உட்புறத்தைத் தொட்டுக் காட்டினாள். "இந்த இடம் மட்டும் எனக்குச் சொந்தமில்ல. தொட்டா வேற யாரையோ தொடற மாதிரி இருக்கு. மன்னிப்புக் கேட்கணும்போலத் தோணுது."

சித்தப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். முப்பது வருடமாக உயர்ந்த கட்டடங்களின் குழிகளுக்குள் இறங்கி ஏறியதில், உலகத்தில் நடக்கும் எல்லாமே அவருக்கு லிஃப்டாகத்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் கொடுத்த பஞ்சு மார்பை உள்ளே வைத்துக்கொண்டால் அது மெல்ல மேலேறிக் கழுத்தருகே வந்து நிற்கிறது என்று சித்தி எரிச்சலோடு சொன்னபோது, அவர் அதைக் கையில் வாங்கி ஏந்திப் பார்த்தார். "எடை பத்தல. எதிர்எடையைவிடப் பெட்டி லேசா இருந்தா லிஃப்ட் தானா மேல ஓடும்." மறுநாள் பஞ்சுக்குள் ஒரு பிடி சிறு கூழாங்கற்களைத் துணியில் முடிந்து வைத்துத் தைத்திருந்தார். அது ஏறவில்லை. ஆனால் சித்தி திரும்பும்போதெல்லாம் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வந்தது. இரண்டு நாள் பொறுத்துவிட்டுக் கற்களை அவள் பூந்தொட்டியில் கொட்டினாள்.

குழாயை எடுத்த பிறகு பிசியோதெரபிப் பெண் ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தாள். சுவரைப் பார்த்து நிற்க வேண்டும், விரல்களைச் சிலந்திபோல ஒவ்வொன்றாக மேலே ஏற்ற வேண்டும், இழுக்கிற இடத்தில் நின்று பத்து மூச்சு விட்டு இறங்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை. எட்டிய இடத்தில் கோடு போட்டுக்கொண்டால் முன்னேற்றம் தெரியும் என்றாள்.

கோடு போடச் சுவர் இல்லை. கீழே கண்ணாடிக் கடை வைத்திருக்கும் வீட்டுக்காரர் அப்போதுதான் வெள்ளை அடித்திருந்தார். சுவரில் பென்சில் பட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று படிக்கட்டில் நின்றே அறிவித்திருந்தார். மிச்சம் இருந்தது அந்த ஜன்னல்தான். தரையிலிருந்து கூரைக்குச் சற்றுக் கீழ்வரை ஒரே கண்ணாடி. சித்தப்பா மார்க்கர் பேனாவால் அதில் கோடு போட்டார். இடுப்புக்கு நேரே தரைத்தளம். மார்புக்கு நேரே முதல் மாடி. தோள் இரண்டு, காது மூன்று, உச்சந்தலை நாலு. கை முழுசாக நீண்டு, பலகை பிடிக்கும் உயரத்தில் ஐந்து.

"அஞ்சாவது மாடி வந்தா நீ வேலைக்குப் போகலாம்" என்றார்.

அது சும்மா சொன்னதல்ல. சாலைப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. மூன்று மாத விடுப்பு. கடைசி வெள்ளிக்கிழமை ஓர் அதிகாரி நேரில் வருவார். சித்தி கையை நேராக உயர்த்தி, பலகையை ஒரு நிமிடம் பிடித்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் அலுவலகத்துக்குள்ளேயே வேறு வேலை தரப்படும்: பஸ்களில் தொலைந்த பொருட்களை வைக்கும் அறை. சித்தி அந்த அறையை ஒருமுறை பார்த்திருக்கிறாள். ஜன்னல் இல்லாத அறை, அறுநூறு குடை.

"குடைங்களை நான் எங்கடி கடத்தி விடறது?" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் கடிதத்தை மடித்தபோது, மடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள்.

அதுவரை அவள் இடத்தில் நின்றவர் ஓய்வுபெற்ற கால்பந்து நடுவர். கழுத்தில் விசில், அரைக்கால் சட்டை, முழங்காலில் பட்டை. பலகையை அவர் தொடுவதே அரிது. விசிலை ஊதி, கையை நீட்டி, பின்னாலேயே நாலடி ஓடுவார். முதல் வாரத்தில் ஒரு பால் வண்டிக்கு மஞ்சள் அட்டை காட்டினார். பிள்ளைகளுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. வண்டிக்காரன் ஹாரன் அடித்தால் பிள்ளைகளே "ரெஃப்ரி! அட்டை! அட்டை!" என்று கத்தினார்கள்.

சித்தி ஜன்னலிலிருந்து இதைப் பார்த்து வெந்தாள். "பாரு, பிள்ளைங்களுக்கு முதுகைக் காட்டறாரு. ஏன் ஓடறாரு? யாரு பந்தை எடுத்துட்டுப் போறாங்க?"

"பிள்ளைங்க சிரிக்கிறாங்களே சித்தி."

"சாலையில என்னடி சிரிப்பு?"

அந்தக் கோபத்தில்தான் தப்பு நடந்தது. நாலாவது வாரம் கை மூன்றாவது மாடியில் நின்றுகொண்டிருந்தது. நான் கடைக்குப் போயிருந்த அரைமணி நேரத்தில், சித்தி தரை துடைக்கும் நீளக் கம்பை எடுத்து, அதன் நுனியில் ஒரு தட்டைக் கட்டி, பலகைபோல உயர்த்திப் பழகியிருக்கிறாள். பதினைந்து தடவை. திரும்பி வந்தபோது தட்டு தரையில் கிடந்தது, சித்தி கையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காதவள்போல் உட்கார்ந்திருந்தாள். மாலைக்குள் கை வீங்கி, விரல்கள் கொழுகொழுவென்று ஆகிவிட்டன. தோல் பளபளத்தது.

மறுநாள் பிசியோதெரபிப் பெண் கையைத் தடவித் தடவிப் பார்த்து, விரலிலிருந்து தோள்வரை பட்டை சுற்றினாள். "அம்மா, கணுக்களை எடுத்த கை இது. நீர் வடியற வழி குறைஞ்சு போச்சு. கொஞ்சம் கொஞ்சமாதான் கேட்கணும். இழுக்கலாம், வலிக்கக் கூடாது. கனம் தூக்கவே கூடாது. அந்தக் கையில ஊசி வேணாம், பிரஷர் பார்க்கறதும் வேணாம். புரியுதா?"

"புரியுது."

"என்ன புரிஞ்சுது?"

"ஒருவழிப் பாதை" என்றாள் சித்தி.

வீட்டில் சித்தப்பா கோபப்படவே இல்லை. அவர் கோபப்பட்டால் இன்னும் மெதுவாகப் பேசுவார். "லிஃப்ட் வரலன்னு பட்டனைப் பதினஞ்சு தடவை அமுக்கறாங்களே, அவங்களைப் பார்த்து நீ என்ன சொல்லுவ?"

"கிறுக்குங்கன்னு."

"அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேட்கல."

கை மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கியது. தினமும் மூன்று வேளை நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். விரல்கள் கண்ணாடியில் ஏறும்போது சித்தியின் உதடு ஒரு பக்கமாகக் கோணும். அக்குளில் அவள் சொன்ன அந்தக் கொடி தோலுக்கு அடியில் கோடாகத் தெரியும். பத்து மூச்சுக்கு எட்டிலேயே இறங்கப் பார்ப்பாள். நான் "ஒன்பது" என்பேன். "உன் எண்ணிக்கை ரொம்ப மெதுவா போகுதுடி" என்பாள். பத்து முடிந்ததும் கண்ணாடியில் ஐந்து விரல் அச்சு மிஞ்சும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தி குளிக்கப் போகும்போது சித்தப்பா அந்த விரல் அச்சுகளைத் துடைப்பார். கூடவே கோடுகளும் அழியும். மறுபடி மார்க்கரால் போடுவார். நான் அதை முதலில் கவனிக்கவில்லை. கண்ணாடியின் இடது ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு பழைய வெட்டு உண்டு. நாலாவது மாடி அந்த வெட்டுக்கு மேலே இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், வெட்டுக்குக் கீழே இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. ஐந்தும் இறங்கியிருந்தது.

"சித்தப்பா, மாடி இறங்கிடுச்சே."

அவர் மார்க்கரின் மூடியைப் பொறுமையாக மூடினார். "லிஃப்ட் ஏறலன்னா என்ன பண்றது? மாடியைக் கொஞ்சம் இறக்கிக் கொடுக்கறதுதான்."

"இப்படித்தான் நீங்க வேலை பார்க்கறீங்களா?"

"வேலையில இப்படிப் பண்ணினா ஜெயில்ல போடுவாங்க" என்றார். "இவ ரெண்டு வாரமா ஒரு கோடுகூட ஏறல. சாப்பாட்டைத் தட்டுல வச்சுக்கிட்டு ஜன்னலையே பார்க்கறா. ரெண்டு விரற்கடை இறக்கினேன், அன்னிக்கு ரெண்டாம் தடவை சோறு கேட்டா."

"அந்த வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து நிப்பாங்களே. அவங்களுக்கும் மாடியை இறக்குவீங்களா?"

குளியலறைக் கதவு திறந்தது. அவர் துணியை எடுத்துத் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். நான் சித்தியிடம் சொல்லிவிடுவது என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். முதல் தடவை அவள் "நாலரைடி! நாலரை!" என்று கத்தினாள். இரண்டாம் தடவை நானே வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகும் இரண்டு ஞாயிறு மாடிகள் இறங்கின.

பதினோராவது வாரம் வேறொரு குழப்பம் தொடங்கியது. சித்தி மாலைப் பயிற்சியைப் பள்ளி விடும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் கை தானாகவே பரபரக்கிறது, அதை வீணாக்குவானேன் என்றாள். அதே நாட்களில் கீழே சாலை தடுமாற ஆரம்பித்தது. நடுவர் விசில் ஊதி "போங்க போங்க" என்று கையை வீசுவார், ஒரு வண்டியும் நகராது. பிள்ளைகளைக் கடத்தி முடித்து அவர் நடைபாதைக்குத் திரும்பியும் பஸ் அப்படியே நிற்கும். பின்னால் ஹாரன் முழங்கும். மூன்றாம் நாள் அவர் புது விசில் வாங்கினார். நாலாம் நாள், பஸ் ஓட்டுநரின் கதவருகே போய்ச் சிவப்பு அட்டையை எடுத்துவிட்டார்.

"என்னைத் துரத்தறீங்களே, நானா நிக்கிறேன்?" என்று ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி மேலே கை காட்டினார். "அங்க பாருங்க. நிறுத்தக்கா நிறுத்தறாங்க. அவங்க கையை இறக்காம நான் எப்படிங்க எடுக்கறது?"

நடுவர் நிமிர்ந்து பார்த்தார். தெருவே நிமிர்ந்து பார்த்தது. முதல் மாடி ஜன்னலில், வீட்டு உடையில், கண்ணை இறுக மூடிக்கொண்டு, கண்ணாடியில் உள்ளங்கையை அழுத்தி ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் நான் "ஏழு, எட்டு" என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

சித்தி கண்ணைத் திறந்தாள். கீழே பதினான்கு வண்டிகள், ஒரு பஸ், ஒரு நடுவர்.

"பத்து ஆகலடி" என்றாள் பல்லைக் கடித்தபடி. "எண்ணு."

நடுவர் பதினெட்டுப் படியையும் ஓடியே ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. "அம்மா, ஒரு மைதானத்துல ரெண்டு ரெஃப்ரி இருக்கக் கூடாதுங்க!"

"நான் மைதானத்துல இல்லீங்களே. என் வீட்ல இருக்கேன்."

"வீட்லேருந்தே ஆட்டத்தை நிறுத்திட்டீங்க!"

சித்தி அவர் முழங்கால் பட்டையைப் பார்த்தாள். "முட்டி ரொம்ப வலிக்குதோ?"

அவர் பட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு, "சாயங்காலத்துல வலிக்காது. காலையிலதான். குளிருக்குப் பிடிச்சுக்கும்" என்றார். சித்தி அவரை உட்காரச் சொன்னாள். நான் டீ போட்டேன். அரைமணி நேரம் முட்டியும் அக்குளும் எந்தெந்த நேரத்தில் எப்படி இழுக்கின்றன என்று இருவரும் ஒப்பிட்டுப் பேசினார்கள். போகும்போது அவர், "ஆனா புகார் எழுதிட்டேங்க, நேத்தே. விசில் வேலை செய்யலன்னு எழுதினேன். உங்களைப் பத்தி இல்ல" என்று தலையைச் சொறிந்தார்.

அந்தப் புகாரையும் கையில் வைத்துக்கொண்டுதான் வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். ஒல்லியான பெண்மணி, கழுத்தில் ஸ்டாப்வாட்ச், அட்டையில் செருகிய படிவம். சித்தப்பா வேலைக்கு விடுப்புப் போட்டிருந்தார். பலகையின் மரக்கம்பைக் கழற்றிவிட்டு மெல்லிய அலுமினியக் குழாயை மாட்டித் தந்திருந்தார். பாதி எடைகூட இல்லை. அதற்கு மேல் அவரால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. நடைபாதையில் என் பக்கத்தில் நின்று, "அஞ்சுன்னு நினைச்சுக்கிட்டுப் போறா" என்று முணுமுணுத்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

மேலங்கி சித்திக்குக் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. பள்ளி விட்டது. பிள்ளைகள் அவளைக் கண்டதும் போட்ட கூச்சலை ஒரு பார்வையில் அடக்கினாள். இடது கையை விரித்தாள். சாலையில் இறங்கினாள். வலது கை எழுந்தது.

தோள். காது. உச்சந்தலை. அதற்கு மேல் கொஞ்சம். அங்கே உதடு கோணியது. முழங்கை மடங்கியேதான் இருந்தது. நாலரை. உண்மையான நாலரை.

அதிகாரி ஸ்டாப்வாட்சை அமுக்கினார். பஸ் நின்றது. பின்னால் எல்லாம் நின்றன. பிள்ளைகள் இரண்டிரண்டாகக் கடந்தார்கள். நாற்பதாவது நொடியில் பலகை நடுங்க ஆரம்பித்தது. ஐம்பதில் காதுவரை இறங்கியது. என் வாய் என்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தது. அறுபது. சித்தி கையை மொத்தமாகத் தொங்கப் போட்டாள்.

ஒரு வண்டியும் நகரவில்லை. அவள் இன்னும் சாலை நடுவில் நின்றிருந்தாள். நடைபாதைக்குத் திரும்பி 'போங்க' என்று தலையாட்டும்வரை இருபத்தோரு வருடத்தில் யாரும் நகர்ந்ததில்லை. பஸ் ஓட்டுநர் மெல்ல எட்டிப் பார்த்து, "அக்கா... போலாமா?" என்றார்.

"இரு. அந்தம்மா வரட்டும்."

அப்போதுதான் நானும் பார்த்தேன். அதிகாரி ஒரு காலைச் சாலையில் வைத்து மறு காலை நடைபாதையிலேயே விட்டு உறைந்து நின்றிருந்தார். சித்தி இடது கையால் அழைத்ததும் படிவத்தை மார்போடு அணைத்தபடி பள்ளிப் பிள்ளைபோலக் கடந்து வந்தார்.

மறுபக்கத்தில் அவர் படிவத்தை வெகுநேரம் பார்த்தார். "கை முழுமையாக நீண்டதா? இல்லைன்னுதான் எழுதணும். பொய் எழுத முடியாதும்மா."

"எழுதுங்க" என்றாள் சித்தி.

"வாகனங்கள் முழுமையாக நின்றனவா? ஆம்." பேனா அங்கேயே நின்றது. "ரெண்டுல எது பெரிசுன்னு இதுல போடலையே."

நடுவர் தொண்டையைக் கனைத்தார். "மேடம், ஒரு யோசனை. ஆட்டத்துக்கு ரெண்டு பாதி உண்டு. முதல் பாதியில, காலையில, என் முட்டி மடங்காது. அதை இவங்க எடுத்துக்கட்டும். சாயங்காலம் நான். இவங்க கைக்கும் ஓய்வு கிடைக்கும்."

"ஆறு வாரத்துக்கு" என்றார் அதிகாரி. "அப்புறம் மறுபடி வருவேன்." நடுவர் ஜன்னல் கதையையும் சொல்ல, அவர் எழுதிக்கொண்டே, "சாயங்காலம் அந்த ஜன்னலுக்குத் திரை போடணும். இது நிபந்தனை" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தி குளிக்கப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, சித்தப்பா ஈரத்துணியோடு கோடுகளை அழிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மார்க்கரை எடுத்ததும், "இந்தத் தடவை இருந்த இடத்துலயே போடுங்க" என்றாள்.

சித்தப்பாவின் கை அந்தரத்தில் நின்றது.

"எந்த இடத்துல?"

"ஸ்கூல் பேர்ப்பலகையில மேல் வரிக்கு நேரா இருந்துது அஞ்சாவது மாடி. நீங்க அதைப் பலகைக்குக் கீழ இருக்கற ஸ்கூல் ஜன்னல் வரைக்கும் கொண்டாந்துட்டீங்க. இருபத்தோரு வருஷம் அந்தப் பலகையைப் பார்த்து நின்னவகிட்டயா?"

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"நீங்க கோட்டை இறக்கிப் போட்ட அன்னிக்குத்தான் சிரிச்சீங்க. ஒரு மாசம் கழிச்சு" என்றாள் சித்தி. "போடுங்க. நேரா போடுங்க."

அவர் ஸ்டூலில் ஏறிக் கோட்டைப் போட்டார். பலகையின் மேல் வரிக்கு நேரே, ஆறு விரற்கடை மேலே. சித்தி கழுத்தைச் சாய்த்து அதைப் பார்த்தாள். "அடேயப்பா. அவ்வளவு உயரமாவா இருந்துது?" என்றாள். பிறகு எழுந்து, தரைத்தளத்தில் விரல்களை வைத்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். ஒன்று, இரண்டு. உதடு கோணும் இடம் வந்தது. கண்ணை மூடினாள்.

ஆறு எண்ணும்போது கீழே ஒரு பிரேக் சத்தம். ஒரு டாக்சி, ஆளில்லாத சாலையின் நடுவில், மரியாதையாக நின்றுகொண்டிருந்தது.

சித்தி வலது கையை எடுக்காமல் இடது கையால் ஜன்னலின் சின்னக் கதவைத் தள்ளினாள்.

"போப்பா, போ! இன்னிக்கு ஞாயித்துக்கிழமை!"

பிறகு என் பக்கம் திரும்பி, "ஏண்டி நிறுத்திட்ட? ஏழு" என்றாள்.